குடத்தில் பிடித்த குளிர்

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தாலும் முனிரத்தினம் உட்காரமாட்டார். காஞ்சிபுரத்தில் ஏறி உத்திரமேரூரில் இறங்குவதற்குள் முன்படிக்கும் பின்படிக்குமாகப் பல நடை நடந்துவிடுவார். அந்தத் தடத்தில் வழக்கமாக வரும் கண்டக்டர் ஒருவர், “உங்களுக்கு டிக்கெட் கிழிக்கறதே பாவம் மொதலாளி, பாதி தூரம் நீங்க நடந்தே வந்துட்டீங்க” என்று சொல்லிக்கொண்டேதான் கிழிப்பார்.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் பிரிட்ஜ் மெக்கானிக் தானியேல் சாக்கில் சுற்றிய கேஸ் சிலிண்டரோடு பின்படியில் ஏறினார். அன்று கண்டக்டர் புது ஆள். “இன்னாய்யா இது, குண்டா? எறங்கு, எறங்கு” என்று விசிலை ஊதிவிட்டார். தானியேல் சிலிண்டரை இறுகப் பிடித்துக்கொண்டார். இறங்கினால் அடுத்த பஸ் எப்போது என்று யாருக்குத் தெரியும்? பின்படி வரை நடந்து வந்த முனிரத்தினம் சாக்கின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார். “அது என்துப்பா. அந்தாளு ரவ புடிச்சிக்கினு நிக்கிறாரு, அவ்ளோதான். திட்றதுன்னா என்னத் திட்டு” என்றார். பஸ்ஸே ‘மொதலாளி’ என்று கூப்பிடும் மனிதரைத் திட்டக் கண்டக்டருக்கு வாய் வரவில்லை. விசில் மறுபடி ஒலித்தது, பஸ் நகர்ந்தது. தானியேல் நன்றி சொல்ல முகத்தை நிமிர்த்தினார். அதற்குள் மனிதர் முன்படிக்கு நடந்துவிட்டிருந்தார்.

தானியேல் ஏனாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மெட்ராஸில் ஒரு பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் கூட்டிப் பெருக்கிக் கைவேலை கற்றுக்கொண்டவர். எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்னும் நெஞ்சில் கையை வைத்து ஒரு வார்த்தை ஜெபம் செய்துகொள்வார். பழகிய கடைக்காரர் ஒரு நாள், “உத்திரமேரூர்ல ஒரு வூட்ல ஏசி போட்டிருக்காங்க, என்னமோ பேஜார் பண்ணுதாம், போய்ப் பாரு” என்று அனுப்பினார். எண்பதுகளின் ஆரம்பம் அது. கிராமத்து வீட்டில் ஏசி என்றதும் தானியேலுக்கே நம்பிக்கை வரவில்லை. வீட்டைத் தேடிப் போனால், தெருவுக்கும் வாசலுக்குமாக அதே மனிதர் நடந்துகொண்டிருந்தார்.

“அன்னிக்கி பஸ்ல எனக்காகப் பேசினீங்களே மொதலாளி, சிலிண்டரு…”

“எந்த சிலிண்டரு? அதெல்லாம் அப்பால. நீ உள்ள வா, ஜல்தி.”

முனிரத்தினத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்து நீண்ட உடம்பு, வேட்டியை எப்போதும் மடித்துக் கட்டியிருப்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய நெல் மண்டி. மூட்டையில் கையை விட்டு நாலு மணி எடுத்து, ஒன்றைப் பல்லில் வைத்து ‘கட்’டென்று கடிப்பார். கடித்த சத்தத்திலேயே ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இட்லியை நின்றுகொண்டு தின்பார், முகத்தை நடந்துகொண்டே மழித்துக்கொள்வார். பெருமாள் கோயிலுக்குப் போனால் சந்நிதியில் நின்று கும்பிட அவருக்கு வராது. பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். அர்ச்சகர் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போக வேண்டும். மண்டிக் களத்தைப் பெருக்கும் செங்கேணி, “மொதலாளி நடக்கறதப் பாத்து எனக்குக் காலு வலிக்குது. ரவ குந்துங்க, புண்ணியமா பூடும்” என்பாள். “நான் குந்தினா நீயும் குந்திக்குவ” என்று சொல்லிக்கொண்டே அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.

ஏசியை அவர் பெருமைக்கு வாங்கவில்லை. அவருடைய மனைவி ஆண்டாளம்மாளுக்கு முன்னொரு வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியது, அதோடு வேர்வையும் நின்றுபோனது. எந்த வெயிலிலும் உடம்பில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. பார்த்தவர்கள், “குடுத்து வெச்ச மகராசி, வேர்க்கவே மாட்டேங்குது” என்று கண் வைத்தார்கள். வேர்வை என்பது ஆண்டவன் உடம்புக்குள் வைத்த குளிர்ந்த ஊற்று. அது வற்றிப்போன வீட்டுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு சித்திரை மாதத்தில் கொல்லையில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த ஆண்டாளம்மாள் அங்கேயே சுருண்டு விழுந்தாள். மண்டியில் எடை நடந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் வந்து பார்க்கும்போது அவள் உடம்பு தோசைக்கல் மாதிரி கொதித்தது. செங்கல்பட்டு டாக்டர் பிழைக்க வைத்தார். “வேர்வைக்குப் பதிலா ஈரத் துணி போட்டுக்கிட்டே இருங்க. அறை குளிர்ச்சியா இருக்கணும். இன்னொரு வாட்டி இப்படி ஆனா என்னால சொல்ல முடியாது” என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து முனிரத்தினத்தின் நடை சுருங்கியது, ஆனால் குறையவில்லை. ஊரெல்லாம் நடந்த கால் மண்டிக்கும் வீட்டுக்குமாக நடந்தது. மெட்ராஸில் ஒரு கம்பெனியை மூடியபோது ஏலத்துக்கு வந்த பழைய ஏசியை வாங்கி, நெல் கொட்டி வைக்கும் அறையைக் காலிசெய்து, சுவரை இடித்து அதை மாட்டினார். ஆண்டாளம்மாளின் கட்டில் அந்த அறைக்குப் போனது.

“வாப்பா” என்று கட்டிலில் இருந்தபடியே வரவேற்றாள் ஆண்டாளம்மாள். பெரிய குங்குமப் பொட்டு, கையில் விசிறி. “என்ன ஐசு பொட்டில வெச்ச மீனு மாதிரி வெச்சிக்கினு கீறாரு. மீனாவது சொம்மா கெடக்கும். என்ன வந்து வந்து எழுப்பி, ‘குளுருதா, குளுருதா’ன்னு கேட்டுக்கினே கீறாரு.”

முதல் தடவை தானியேலுக்கு வேலை சுலபமாக இருந்தது. முன்பக்கத்து பில்டரை உருவினார். மண்டியிலிருந்து முனிரத்தினத்தின் வேட்டியோடு வந்த தவிட்டுத் தூசி அதில் அடை மாதிரி படிந்திருந்தது. “மிசினு மூச்சு வுட முடியல மொதலாளி” என்று கழுவி மாட்டினார். காற்று வந்தது. சற்று நேரத்தில் உள்ளே உறுமிக்கொண்டிருந்த சத்தம் நின்று, விசிறி மட்டும் ஓடியது. நடந்துகொண்டிருந்த முனிரத்தினம் துள்ளித் திரும்பினார்.

“செத்துப் பூச்சா?”

“இல்ல மொதலாளி. குமிழ எந்த எடத்துல வெச்சிருக்கமோ அந்தக் குளுரு வந்தா அதுவே நின்னுக்கும். சூடு ஏறிச்சின்னா அதுவே எழுந்துக்கும்.”

“தானே நின்னுக்குமா? நம்பலாமா அத்த?”

“நீங்க நின்னாத்தான் நம்ப முடியாது” என்றாள் கட்டிலில் இருந்தவள்.

பங்குனி கடைசியில் மறுபடி ஆள் வந்தது. தானியேல் போய் இறங்கியதும் முனிரத்தினம் நடந்துகொண்டே சொன்னார். மெஷின் ஓடுகிறது, காற்று வருகிறது, ஆனால் சாயங்காலம் புழுக்கத்தோடு கடல் காற்று திரும்பினால் ஆண்டாளம்மாளுக்கு உடம்பு காந்துகிறது. ஈரத் துணி போட்டால் துணிதான் சூடாகிறது. முந்தின நாள் பேச்சுக் குழறியதாம். இன்னும் கத்திரி வெயிலே பிறக்கவில்லை.

தானியேல் கேஸைப் பார்த்தார், சரியாக இருந்தது. கரண்ட்டை அளந்தார், ஸ்டெபிலைசர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பில்டரும் சுத்தம். மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஒன்றும் புரியாமல் அறையின் மூலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. குளிர்தான், ஆனால் பாழுங்கிணற்றுக்குள் இறங்கினது போன்ற ஒரு குளிர். சுவரெல்லாம் பூசணம் பூத்து வாடை அடித்தது. ஜன்னலிலும் சுவரிலும் நனைந்த வெட்டிவேர்த் தட்டிகள் தொங்கின. தரையில் ஈரச் சாக்கு, மூலைக்கு மூலை தண்ணீர்த் தாம்பாளம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது, முனிரத்தினம் தலையை நீட்டினார், “எப்டி கீற?” என்று கேட்டார், போனார். துணிக்குப் புது ஈரம் கொண்டுவந்தார், போனார். தெருவில் மாட்டுக்கு வைத்த கழுநீரை யாரோ கொட்டிவிட்டார்கள் என்பதையும் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் வெளியே இருந்த புழுக்கம் ஒரு மூட்டை உள்ளே வந்து இறங்கியது.

தானியேல் கொல்லைப் பக்கம் போய் மெஷினின் முதுகைப் பார்த்தார். தண்ணீர் சொட்டும் குழாய்க்குக் கீழே ஒரு பித்தளைக் குடம், கழுத்து வரை நிரம்பியிருந்தது. இவ்வளவு தண்ணீரா என்று அவர் குனிவதற்குள் பின்னாலிருந்து முனிரத்தினம் ஓடிவந்தார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு குடத்தைக் குழாய்க்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தானியேல் பின்னாலேயே போனார். முனிரத்தினம் சொம்பால் மொண்டு மொண்டு தட்டிகளின்மேல் வீசிக்கொண்டிருந்தார்.

“இன்னா மொதலாளி பண்றீங்க?”

“இன்னா பண்றேனா? தொட்டுப் பாரு. ஐசு கணக்கா கீது. இவ்ளோ குளுந்த தண்ணிய மிசினு வெளிய தள்ளிக்கினு கீது. குளுர வெல குடுத்து வாங்கிட்டு கொல்லைல வுடுவாங்களா? மாசி மாசத்துலேர்ந்து நான்தான் புடிக்கிறேன். ஒரு சொட்டு மண்ணுல வுடல. பூரா அவளுக்குத்தான்.”

முகத்தில் அவ்வளவு பெருமை.

தானியேல் குடத்தையும் தட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருபக்கம் ஏற்றம் இறைக்க, ஒருபக்கம் கிணற்றில் ஊற்றின கதையாக இருந்தது. மெஷின் அந்த அறைக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து பிழிந்து வெளியே தள்ளுகிறது. மனிதர் அதைத் தூக்கித் தூக்கி உள்ளே ஊற்றுகிறார். நடுவில் அந்த அம்மாள் கொதிக்கிறாள். இதை எப்படிச் சொல்வது? உன் அன்புதான் அவளைக் காய்ச்சுகிறது என்று ஒரு மனிதரிடம் எந்த வாயால் சொல்ல முடியும்? தானியேல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“மொதலாளி, ஒரு சொம்புல ஐசு போட்டு வெச்சா வெளிப்பக்கம் தண்ணி கோத்துக்குமே, அது எங்கேர்ந்து வருது?”

“ஓட்ட சொம்பா இருக்கும்” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். “இல்ல. காத்துலேர்ந்து.”

“இந்த மிசினுக்குள்ளயும் அந்த மாதிரி ஜில்லுனு கொழாய் இருக்குது. அறைக் காத்து அதும் மேல பட்டுட்டுப் போவுது. சூடு அந்தாண்ட போயிடும். ஈரம் கோத்துக்கினு, பின்னால சொட்டும். கொடத்துல இருக்கறது குளுரு இல்ல மொதலாளி. அம்மாவச் சுத்தி இருந்த ஈரம்.”

“ஈரம் இருந்தா நல்லதுதானே? முன்னெல்லாம் வெட்டிவேரு தட்டி கட்டினா எப்டி ஜில்லுனு இருக்கும்?”

“அன்னிக்கி ஜன்னல் தொறந்திருந்துது. மேக்கத்திக் காத்து ஈரத்த அடிச்சிக்கினு போயிடும். இப்ப எல்லாத்தயும் சாத்திட்டு உள்ள தண்ணி ஊத்தினா அது எங்க போவும்?” தானியேல் கொஞ்சம் தயங்கினார். “ஐப்பசில அவிச்ச நெல்லக் களத்துல கொட்டினா காயுமா மொதலாளி?”

“எப்டிக் காயும்? காத்துலயே ஈரம் கீதே. காத்து வாங்கிக்காதே. அப்டியே கெடக்கும். குமிச்சி வெச்சா சூடேறிப் பூ…”

வார்த்தை பாதியில் நின்றது. கையில் சொம்பு இருந்தது. முனிரத்தினம் ஆண்டாளம்மாளின் நெற்றியில் கிடந்த ஈரத் துணியைப் பார்த்தார். பிறகு தட்டியை. பிறகு சொம்பை. வாழ்நாள் முழுக்க நெல்லைக் கடித்தே ஈரம் பார்த்த மனிதர். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். கொல்லையைச் சுற்றி, வைக்கோல்போரைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி அவர் நடப்பது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆண்டாளம்மாள் மெல்லச் சிரித்தாள். “எனக்குத்தான் வேர்க்கல, செவுத்துக்கெல்லாம் வேர்க்குதேன்னு பாத்தேன். பாவம் தானியேலு, அந்த மனுசன ஒண்ணும் சொல்லாத. அன்னிக்கி நான் கொல்லைல வியுந்து கெடந்தப்போ அவுரு இல்ல. அதுலேர்ந்து கண்ணால பாக்கலன்னா உயிரு கீதா இல்லயான்னு பயம். அதான் தொறந்து தொறந்து பாக்கறாரு.”

“உள்ளயே வந்து உக்காந்துட்டா கதவத் தொறக்கற வேலையே இல்லியேம்மா.”

“எட்டுக் காலு பூச்சிய டப்பால போட்டு மூடி வெப்பியா நீ? இவுருக்கு உக்காரத் தெரியாதுப்பா. கல்யாணத்தன்னிக்கே மணையிலேர்ந்து மூணு வாட்டி எழுந்தவரு.”

முனிரத்தினம் திரும்பி வந்தார். தட்டிகளை அவரே அவிழ்த்தார், சாக்கைச் சுருட்டினார், தாம்பாளங்களை எடுத்துப்போய்க் கொல்லையில் கவிழ்த்தார். யாரையும் கிட்டே விடவில்லை. கதவுக்கடியில் இருந்த சந்தில் உலர்ந்த துணியைத் திணித்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அறை வேறு அறையாகிவிட்டது. ஆண்டாளம்மாளின் கைமேல் போட்ட ஈரத் துணி காய ஆரம்பித்தது. காயக் காயக் கை ஜில்லிட்டது. “வேர்த்தா இப்டித்தான் இருக்கும், மறந்தே பூட்டுது” என்று அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இருந்தும் மனிதருக்கு நிம்மதி வந்துவிடவில்லை. கொல்லையிலிருந்து ஓடிவந்து கதவைத் தள்ளினார். “தண்ணி சொட்றது கொறஞ்சி போச்சி! மிசினுக்கு இன்னா ஆச்சி?”

“உள்ள ஈரம் கொறஞ்சி போச்சி மொதலாளி. நீங்க இப்பக் கதவத் தொறந்தீங்களே, இனிமே கொஞ்சம் சொட்டும்.”

கதவை அவசரமாகச் சாத்தினார். வெளியே காலடிச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. சற்றைக்கெல்லாம் மெஷினின் உறுமல் தானாக நின்றது. காலடியும் நின்றது. தானியேலும் ஆண்டாளம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு திறந்தது.

“செத்துப் பூச்சா?”

“மூடுங்க!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தானியேல் ஒன்று சொன்னார். “தட்டிய எடுத்துட்டீங்க. பாதி வேல முடிஞ்சிது. மீதிப் பாதி இந்தக் கதவு. கத்திரில கடல் காத்து வர்ற நேரத்துக்குக் கதவு மூடியே இருந்தாகணும். அதுக்கு ரிப்பேரு என்கிட்ட இல்ல மொதலாளி.” முனிரத்தினம் மண்டிப் பக்கம் நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு தானியேல் அங்கே போக நேரவில்லை. மஸ்கட்டில் ஏசி வேலை என்று விசா வந்தது. ஓடியாடிக் காகிதமெல்லாம் சேர்ப்பதற்குள் கத்திரி பாதி முடிந்துவிட்டது. பிளேன் ஏறுவதற்கு முந்தின நாள், சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்று உத்திரமேரூருக்கு வந்தார். ஊர் பொரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லையாம், இப்போதுதான் வந்ததாம். பஸ் ஸ்டாண்டிலிருந்தே தானியேல் எட்டி நடை போட்டார். கரண்ட் இல்லாத அத்தனை நேரமும் அந்த அறையில் என்ன நடந்திருக்கும்? மண்டியில் எட்டிப் பார்த்தார். செங்கேணிதான் இருந்தாள். “மொதலாளியா? களத்துப் பக்கம் வந்து எத்தினி நாளாச்சி. எங்க கீறாருன்னு வூட்ல போய்ப் பாரு” என்று துடைப்பத்தால் வழி காட்டினாள்.

வாசலில் யாரும் நடந்துகொண்டிருக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வீட்டுக்குள் ஆள் அரவமே இல்லை. நெல் அறையின் கதவு இறுகச் சாத்தியிருந்தது. அதில் புதிதாக ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. வெளிக்காற்றின் புழுக்கம் பட்டு, கண்ணாடியின் மேல் பனி பூத்திருந்தது.

“மொதலாளி, நான் தானியேலு. மஸ்கட்டுக்குப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

உள்ளேயிருந்து முனிரத்தினத்தின் குரல் வந்தது. “தானியேலா? மஸ்கட்டா? நல்லா இரு நைனா.” ஒரு செருமல். “கதவத் தொறக்க மாட்டேன். கோச்சிக்காத. காலைல கரண்டு பூடுச்சி, இவளுக்கு உடம்புச் சூடு ஏறிடுச்சி. இப்பத்தான் எறங்கிக்கினு வருது.”

“தொறந்தாத்தான் கோச்சிக்குவேன் மொதலாளி.”

“தானியேலு!” என்றது இன்னொரு குரல், சோர்ந்திருந்தாலும் சிரிப்போடு. “கண்ணாடில பாரு! அதிசயத்தப் பாத்துட்டுப் போ!”

தானியேல் தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். கட்டிலில் ஆண்டாளம்மாள் படுத்திருந்தாள், கைகளிலும் நெற்றியிலும் ஈரத் துணி. பக்கத்தில் ஒரு முக்காலியில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். கையில் விசிறி ஆடிக்கொண்டிருந்தது. வலது கால் தரையில் துடித்துக்கொண்டிருந்தது. இடது பாதத்தைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்தி மிதித்துக்கொண்டார்.

“வழியனுப்ப வரலியேன்னு நெனைக்காத நைனா. நீ போயிட்டு வா. நான் இங்கியேதான் உக்காந்துகினு கீறேன்.”